‘பட்டாளத்தில் இருந்தார்’ என்று எழுதிவைத்தால் போதாது

குடும்ப மரம் தொகுக்கும் மென்பொருளில் கொள்ளுத்தாத்தாவின் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: பிறப்பு, திருமணம், பிள்ளைகள், இறப்பு, பிறகு ‘தொழில்’ என்ற கட்டத்தில் “ராணுவம், 1914–1918”. பக்கத்தில் முறுக்கு மீசையோடு ஒரு புகைப்படம். அவ்வளவுதான். பிறந்த தேதியைக் கண்டுபிடிக்க ஜாதகக் கட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் தேடி அலைந்தவர்களே, ஒரு மனிதரைக் கடல் கடந்து கொண்டுபோன ஆண்டுகளை நாலெழுத்தில் முடித்துவிடுகிறார்கள். சோம்பல் மட்டும் இதற்குக் காரணமென்றால் கண்டிக்க ஒன்றுமில்லை. இதுதான் சரியான முறை, இதற்கு மேல் எழுதுவது அதிகப்படி என்ற கருத்து குடும்ப வரலாறு தொகுப்பவர்களிடையே வேர்விட்டிருக்கிறது. அந்தக் கருத்து தவறு.

அதை முதலில் அதற்குரிய வலுவோடு சொல்லிவிடலாம். குடும்ப மரத்தின் வேலை யார் யாருக்குப் பிறந்தார் என்று காட்டுவது. எந்தப் படை எங்கே போனது என்பது வரலாற்று ஆசிரியர்களின் வேலை. படைப்பணியும் ஓர் உத்தியோகம்தான்; ரயில்வேயில் இருந்தார், கணக்குப்பிள்ளையாக இருந்தார் என்று ஒரு வரி எழுதுவதுபோல இதையும் எழுதலாம். நம் குடும்பங்களில் பலவற்றில் காகிதமே கிடையாது. இல்லாத விவரத்துக்குப் பத்துக் கட்டங்களைத் திறந்தால் பத்தும் காலியாகத்தான் கிடக்கும். மென்பொருளும் இதற்கென்று தனி இடம் ஒதுக்கவில்லை. மெடலையும் படத்தையும் ஸ்கேன் செய்து இணைத்துவிட்டால், வேண்டியவர் பார்த்துக்கொள்வார். இவை எதுவும் முட்டாள்தனமான வாதமல்ல. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் தரப்பு இது. படைப்பணி என்பது பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் பட்டம் கிடையாது. அது பல நிகழ்வுகளின் தொடர்: சேர்ந்தது, பயிற்சி பெற்றது, கப்பலேறியது, பதவி உயர்ந்தது, காயம்பட்டது, சிறைப்பட்டது, விடுவிக்கப்பட்டது, பென்ஷன் வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் தனித் தேதி, தனி இடம், தனிச் சான்று. இவற்றை ஒரே வரியில் திணித்தால், அந்த வரியை மெய் என்று நிறுவவும் வழியில்லை, பொய் என்று காட்டவும் வழியில்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது நினைவுக்குறிப்பு. அவருக்குப் பிறகு அதைப் படிப்பவருக்கு அது ‘ஆவணம்’. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

1. “1914–1918” என்பது யாருடைய தேதி? போருடைய தேதி, மனிதருடையது அல்ல. இந்த ஆண்டுகள் குடும்ப மரங்களுக்குள் எப்படி நுழைகின்றன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். முதல் உலகப்போரில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடலின் பின்புறத்தில் 1914, 1918 என்று இரண்டு ஆண்டுகள் பொறித்திருக்கும். அதே மனிதர் வாங்கிய விக்டரி மெடலைத் திருப்பினால் 1914–1919 என்று இருக்கும். ஒரே போர், ஒரே மார்பு, இரண்டு முடிவாண்டுகள். 1917இல் சேர்ந்தவருக்கும் இதே ஆண்டுகள் பொறித்த மெடல்தான் கிடைத்தது. இதைப் பார்த்து “நான்கு ஆண்டு பணி” என்று எழுதுவது, கோயில் கல்வெட்டில் ராஜாவின் ஆட்சியாண்டைப் பார்த்துவிட்டு அதுதான் சிற்பியின் வயது என்று சொல்வதற்குச் சமம். 1918 நவம்பரில் துப்பாக்கி ஓய்ந்ததும் இந்தியச் சிப்பாய்கள் வீடு திரும்பிவிடவும் இல்லை. 1919இல் ஆப்கானிஸ்தான் போர், 1920இல் இராக்கில் கிளர்ச்சி என்று பலருக்குப் பணி நீண்டது. மென்பொருள்கள் இந்த வேறுபாட்டைக் குறிக்க வசதி தருகின்றன. ‘1915 முதல் 1920 வரை’ என்றால் அவ்வளவு காலமும் அந்த நிலை நீடித்தது என்று பொருள். ‘1915க்கும் 1920க்கும் இடையில்’ என்றால் நிகழ்வு ஒருநாள் நடந்தது, எந்த நாள் என்று நமக்குத் தெரியவில்லை என்று பொருள். முன்னது ஒரு மனிதரின் காலம், பின்னது நம் அறியாமையின் அகலம். வெறும் இணைப்புக்கோடு போட்டு எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பேரப்பிள்ளை எதை எடுத்துக்கொள்வார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2. “மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தார்” என்பதும் பதில் ஆகாது. முதல் உலகப்போர் நடந்த காலத்தில் அந்தப் பெயரில் ஒரு ரெஜிமெண்ட் இல்லை. 1903இல் தலைமைத் தளபதி கிச்னர் இந்தியப் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது, மெட்ராஸ் காலாட்படைகளின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். 13ஆம் மெட்ராஸ் காலாட்படை 73ஆம் கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி ஆனது. முதலாம் மெட்ராஸ் பயனியர்ஸ் 61ஆம் பயனியர்ஸ் ஆனது. 1922இல் மறுபடி மாற்றி, மிஞ்சிய கர்நாட்டிக் படைகளை 3ஆம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று சேர்த்தார்கள். 1928க்குள் அதையும் கலைத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்த பிறகே மெட்ராஸ் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆக, 1916இல் பணியாற்றிய ஒருவரை இன்றைய பெயரில் பதிவு செய்தால், அவருடைய பேத்தி எந்தப் பட்டியலில் தேடினாலும் கிடைக்கமாட்டார். பெயரைத் தவறாக எழுதியதன் விலை, ஆளே காணாமல் போவது. சிப்பாயின் எண்ணும் அப்படித்தான். அந்தந்த ரெஜிமெண்ட் தனக்குத் தானே எண் கொடுத்துக்கொண்ட காலம் அது. 2417 என்ற எண் பத்துப் படைகளில் பத்துப் பேருக்கு இருக்கலாம். பிரிவில்லாத எண், தெருப்பெயர் இல்லாத கதவிலக்கம். தவிரவும், நம் வழக்கில் ‘பட்டாளம்’ என்ற சொல் எல்லோரையும் அணைத்துக்கொள்கிறது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சேப்பர்ஸ் படையில் பாலம் கட்டியவர், கோவேறு கழுதை ஓட்டியவர், ஆஸ்பத்திரியில் டோலி சுமந்தவர், முகாமில் சமைத்தவர் எல்லாரும் ஊர்க்காரர்களுக்குப் பட்டாளத்தார்தான். ஆவணத்திலோ அவர்கள் வேறு வேறு பேரேடுகளில் இருக்கிறார்கள். எந்தப் பேரேட்டில் தேடுவது என்பதையே அந்த ஒற்றை வரி சொல்லாமல் விட்டுவிடுகிறது.

3. “மெடல் இருக்கிறதே, அதைவிடச் சான்று வேண்டுமா?” வேண்டும், முதலில் அந்த மெடலைப் படிக்க வேண்டும். ஸ்கேன் செய்து இணைப்பவர்கள் முகப்பையும் பின்புறத்தையும் படமெடுக்கிறார்கள். விளிம்பை யாரும் படமெடுப்பதில்லை. முதல் உலகப்போர் மெடலின் மூன்று மில்லிமீட்டர் விளிம்பில்தான் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவ மெடல் என்றால் அது பின்புறத்தில் இருக்கும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் மெடல்கள் பிரிட்டன் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமலே தரப்பட்டன. இந்தியர்களுக்குப் பெயர் பொறித்துத் தந்தார்கள். நமக்குக் கிடைத்த அரிய அனுகூலம் அது. எந்த மெடல் என்பதும் பேசும். பிரிட்டிஷ் வார் மெடல் சிப்பாய்க்கு வெள்ளியில் வந்தது. தொழிலாளர் படையினருக்குப் பெரும்பாலும் வெண்கலத்தில் வந்தது. கையிலிருப்பது வெண்கலமென்றால், “துப்பாக்கி பிடித்த தாத்தா” என்ற கதையை ஒருமுறை நிறுத்திக் கேட்க வேண்டும். பர்மா ஸ்டார் 1941 டிசம்பர் முதல் 1945 செப்டம்பர் வரை பர்மா களத்தில் பணியாற்றியவர்களுக்கு உரியது. இந்தியா சர்வீஸ் மெடல் மூன்றாண்டுகள் இந்தியாவுக்குள்ளேயே பணியாற்றியவர்களுக்கு உரியது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு “பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டவர்” என்று எழுதிவிடும் பழக்கம், ஆவடியில் மூன்றாண்டு லாரி பழுதுபார்த்த ஒருவருடைய நேர்மையான உழைப்பைத் தூக்கியெறிந்துவிட்டு, அவர் போகாத காட்டுக்கு அவரை அனுப்பிவைக்கிறது. மெடல் சான்றுதான். எதற்குச் சான்று என்பதைத் தனி நிகழ்வாக, தனி வரியில் எழுதினால் மட்டுமே அது சான்றாக நிற்கும்.

4. “கொடிவழிதான் முக்கியம், படை விவரம் எதற்கு?” இந்த வாதத்தை அதன் சொந்த நிலத்திலேயே வைத்துப் பார்ப்போம். கொடிவழியை நிறுவத் தமிழ்க் குடும்பங்களிடம் என்ன இருக்கிறது? பலருக்குக் குடும்பப் பெயர் இல்லை. முனுசாமியின் மகன் ஆறுமுகம், ஆறுமுகத்தின் மகன் முனுசாமி என்று மூன்று தலைமுறை சுற்றிவந்தால் எந்த முனுசாமி எவர் என்பது தெரியாது. இதைத் தீர்க்கும் ஆவணங்களில் தலையாயது படைக் காகிதம். சேர்க்கும்போது தகப்பன் பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் கேட்டு எழுதினார்கள். இறந்தவர்களைப் பற்றிய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பலவற்றில் இன்னாரின் மகன், இன்ன ஊர், வட ஆர்க்காடு, மெட்ராஸ் என்ற அளவுக்கு விவரம் உண்டு. குடும்பப் பென்ஷன் ஆவணத்தில் மனைவியின் பெயர் இருக்கும். வேறெங்கும் பதிவாகாத ஒரு பெண்ணின் பெயர் அரசாங்கத் தாளில் முதன்முதலாக வந்த இடம் சில குடும்பங்களில் அதுவாகவே இருக்கும். நிலமும் பட்டாவும் மறுக்கப்பட்ட மக்களுக்கு இது இன்னும் பொருந்தும். மெட்ராஸ் சேப்பர்ஸ் படையிலும் கர்நாட்டிக் படைகளிலும் ஆதிதிராவிடர்கள் கணிசமாக இருந்தார்கள். ஊர்க் கணக்குப் புத்தகம் அவர்கள் பெயரை எழுதாதபோது படைப் பதிவேடு எழுதியது. ஒற்றை வரிக்காரர்கள் காப்பாற்றுவதாகச் சொல்லும் கொடிவழியின் சிறந்த சான்று, அவர்கள் வெட்டியெறியும் விவரத்துக்குள்தான் கிடக்கிறது.

இதன் மறுபக்கத்தைப் பஞ்சாப் காட்டியது. 1919இல் பஞ்சாப் அரசு ஊர்வாரியாகத் தொகுத்த படைப் பதிவேடுகள், சுமார் 3,20,000 பேருடைய விவரங்களோடு, லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ நூறாண்டு கிடந்தன. 2021இல் அவற்றின் ஒரு பகுதி கணினிக்கு வந்தபோது, தாத்தாவைக் கண்டுபிடித்தவர்கள் அவருடைய ஊர்ப் பெயரையும் தகப்பன் பெயரையும் தெரிந்துவைத்திருந்தவர்கள். பேரேடு என்றைக்கு வேண்டுமானாலும் திறக்கும். திறக்கிற அன்று பொருத்திப் பார்க்க நம் பக்கம் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஊரையும் அன்றைய பெயரில், அன்றைய மாவட்டத்தில் எழுத வேண்டும். வட ஆர்க்காடு 1989இல் பிரிந்துவிட்டது. ஆவணம் அதை அறியாது. ஆளின் பெயரை ஆவணத்தில் உள்ள எழுத்துப்படி மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் கண்ணிவெடிமேல் விழுந்து தோழர்களைக் காப்பாற்றி, ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற சுபேதார் சுப்பிரமணியனின் பெயரே ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கே அந்தக் கதி என்றால் சாதாரண சிப்பாயின் பெயரை எந்தக் குமாஸ்தா எப்படிக் கேட்டு எழுதினாரோ!

5. ஒரு மனிதர் இரண்டு எதிரெதிர்ப் படைகளில் இருந்தால் அந்த ஒற்றை வரி என்ன செய்யும்? இது கற்பனைச் சிக்கல் அல்ல. தமிழ்க் குடும்பங்களுக்குச் சொந்தமான சிக்கல். 1940இல் இந்தியப் படையில் சேர்ந்து மலாயாவுக்கு அனுப்பப்பட்ட ஒருவரை வைத்துக்கொள்வோம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 17ஆம் தேதி ஃபாரர் பார்க் திடலில் சரணடைந்த இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. ஒருவர் மோகன் சிங் தலைமையிலான இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்து, அது 1942 டிசம்பரில் கலைந்தபின் வெளியேறியிருக்கலாம். இன்னொருவர் 1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்தபின் மீண்டும் சேர்ந்து இம்பால் பக்கம் நடந்திருக்கலாம். மூன்றாமவர் கடைசிவரை மறுத்து, நியூ கினி தீவுக்குக் கூலி வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம். போருக்குப் பிறகு பிரிட்டிஷார் விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று தரம் பிரித்தார்கள். ‘கறுப்பு’ ஆனவர் வேலையை இழந்தார். 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான மத்திய அரசு பென்ஷன் வந்தபோது அதே கறுப்பு முத்திரை வேறொரு மதிப்பைப் பெற்றது. இந்த வாழ்க்கையை “ராணுவம், 1940–1946” என்று எழுதினால் ஐ.என்.ஏ. மறைகிறது. “ஐ.என்.ஏ. தியாகி” என்று எழுதினால் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் மறைகின்றன. மறுத்தவருக்கோ எந்தச் சொல்லும் இல்லை. சேர்க்கை, சிறைப்பட்டது, ஐ.என்.ஏ. சேர்க்கை, விசாரணை, விடுவிப்பு, பென்ஷன் என்று தனித்தனியே எழுதும்போது மட்டுமே குடும்பத்துக்குப் பிடித்த பாதியும் பிடிக்காத பாதியும் ஒரே ஆளிடம் சேர்ந்து நிற்கின்றன.

இதே இடத்தில் இன்னொரு குருட்டுத்தனமும் தெரிகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து நேரே ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தமிழர்கள் ஒருநாளும் பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்ததில்லை. ‘தொழில்’ கட்டத்தில் அவர்கள் தோட்டத் தொழிலாளிகள்தான். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் பயிற்சி முகாம் தொடங்கிய ஜான்சி ராணிப் படையில், சென்னையைச் சேர்ந்த கேப்டன் லட்சுமியின்கீழ் துப்பாக்கி பிடித்துப் பழகிய பெண்களில் பெரும்பாலோர் மலாயாத் தமிழ்ப் பெண்கள். பேரப்பிள்ளைகளின் குடும்ப மரத்தில் அவர்களுடைய ‘தொழில்’ கட்டத்தில் என்ன எழுதியிருக்கும்? இல்லத்தரசி. படைப்பணியைத் தொழிலாகக் கருதும் பார்வை, தொழிலாக அல்லாமல் அதை ஏற்றவர்களைப் பதிவிலிருந்தே வெளியே தள்ளுகிறது.

6. “மென்பொருளில் அதற்கு இடமே இல்லையே!” இந்தப் புகாரில் நியாயம் உண்டு, முடிவில் இல்லை. மென்பொருள்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளப் பயன்படுத்தும் பொது வடிவம் ஜெட்காம். மார்மன் திருச்சபை 1984இல் உருவாக்கியது. அதன் 5.5.1 பதிப்பிலும் சரி, 2021இல் வந்த 7.0 பதிப்பிலும் சரி, ஞானஸ்நானம், குருப்பட்டம், குடிபெயர்வு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பணி ஓய்வு, உயில் என்று ஆயத்த நிகழ்வுகளின் வரிசை உண்டு, படைப்பணி இல்லை. சாதியை எழுதத் தனிக்கட்டம் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் எந்தச் சாதியில் பிறந்தார் என்று கேட்கத் தெரிந்த தரநிலைக்கு, அவர் எந்தக் களத்தில் நின்றார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆனால் அதே தரநிலை ‘பொது நிகழ்வு’ என்ற ஒன்றையும் தந்திருக்கிறது: அதற்கு நாமே வகைப்பெயர் சூட்டலாம், தேதி, இடம், சான்று எல்லாம் இணைக்கலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ‘படையில் சேர்ந்தது’, ‘சிறைப்பட்டது’, ‘படையிலிருந்து விடுவிப்பு’ என்று ஒரே சீரான வகைப்பெயர்களை வைத்துக்கொண்டால், வேறு மென்பொருளுக்கு மாற்றும்போதும் அவை தங்கும். ஒரு நிறுவனம் தன் வசதிக்கு உருவாக்கிய தனிக் கட்டத்தில் எழுதினால்தான் மாற்றும்போது சிதறிப்போகும் அபாயம் அதிகம். இலவச மென்பொருளான கிராம்ப்ஸில் படைப்பணி ஆயத்த நிகழ்வாகவே இருக்கிறது. ஒரே நிகழ்வைப் பலரோடு இணைக்கவும் முடியும், ஆகவே ஒரே நாளில் சேர்ந்த அண்ணன் தம்பிக்கு இரண்டு முறை எழுத வேண்டியதில்லை. கட்டம் இல்லை என்பது கருவியின் குறை. அந்தக் குறைக்கு ஏற்றபடி தாத்தாவைக் குறுக்குவது நம்முடைய தேர்வு.

7. “எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை.” எல்லா வாதங்களிலும் இதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இது பெரும்பாலோருக்கு உண்மை. அரசாங்கக் கிடங்குகளையும் நம்பிவிட முடியாது. 1940 செப்டம்பரில் லண்டனில் விழுந்த குண்டில், முதல் உலகப்போர் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக்கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்தன. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கிடங்கில் எரிந்தவை ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல். ஆனால் காகிதம் இல்லை என்பதிலிருந்து கிடைக்கும் முடிவு என்ன? தெரிந்ததைத் தெளிவில்லாமல் எழுதலாம் என்பதா? எவ்வளவு குறைவாகத் தெரியுமோ, அவ்வளவு கறாராக எழுத வேண்டும் என்பதுதான் சரியான முடிவு. ஜெட்காமில் சான்றின் தரத்தைக் குறிக்க நான்கு படிகள் உண்டு. நம்பத்தகாத சான்றும் ஊகமும் 0. வாய்மொழியும் ஐயத்துக்கிடமான சான்றும் 1. நிகழ்ந்து சில காலம் கழித்து அதிகாரபூர்வமாகப் பதிந்தது 2. நேரடியான முதன்மைச் சான்று 3. பாட்டி சொன்னதற்குப் பூஜ்யம் அல்ல, ஒன்று கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். வாய்மொழியை மதித்துத்தான் அந்த அளவுகோல் அமைந்திருக்கிறது. “பஸ்ராவுக்குப் போனதாகப் பாட்டி சொன்னார், 1980 வாக்கில் கேட்டது, தரம் 1” என்று எழுதினால் அது முழுமையான, நாணயமான பதிவு. நாளைக்கு ஒரு டிஸ்சார்ஜ் புத்தகம் பரணிலிருந்து விழுந்தால், பாட்டியின் சொல் பக்கத்திலேயே அது போய் உட்காரும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கலாம். “ராணுவம், 1914–1918” என்று எழுதியவரின் பக்கத்தில் அந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது? எதை உறுதிப்படுத்துவது, எதைத் திருத்துவது? காலியாகக் கிடக்கும் கட்டம் ஒரு கேள்வி. யாராவது ஒருநாள் பதில் தேடுவார்கள். அரைகுறையாக நிரப்பிய கட்டம் தேடலையே நிறுத்திவிடுகிறது.

இரண்டு ஆட்சேபங்கள் மிச்சமிருக்கின்றன. முதலாவது, நேரம். நூறு பேர் கொண்ட குடும்ப மரத்தில் ஒவ்வொருவருக்கும் எட்டு நிகழ்வுகள் எழுத யாருக்கு முடியும்? யாரும் கேட்கவில்லை. நூறு பேரில் படைக்குப் போனவர்கள் இரண்டோ மூன்றோதான் இருப்பார்கள், அவர்களிலும் தெரிந்த நிகழ்வுகளை மட்டும்தான் எழுத வேண்டும். இரண்டே இரண்டு தெரிந்தால் இரண்டே இரண்டு. ஒரு பென்ஷன் புத்தகத்தையும் ஒரு மெடல் விளிம்பையும் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் படித்து, நான்கைந்து வரிகளாக எழுத ஒரு மாலை போதும். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களை ஏற்றுவதற்கு இதைவிட அதிக நேரம் செலவிடுகிறோம்.

இரண்டாவது ஆட்சேபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அதுதான். விவரமாக எழுதினால் பெருமை குறையும் என்ற பயம். வீரர் என்று நினைத்தவர் சமையற்காரராக இருந்துவிடலாம். குண்டடிபட்டு இறந்தார் என்று சொல்லிவந்தவர் வயிற்றுப்போக்கில் இறந்திருக்கலாம். ‘விடுவிப்பு’க்கு எதிரே ஓடிப்போனவர் என்று இருக்கலாம். உண்மைதான், இருக்கலாம். ஆனால் ஒற்றை வரி காப்பாற்றும் பெருமை யாருடையது? 1916இல் மெசபடோமியாவில் வெயிலிலும் காலராவிலும் சிக்கித் தண்ணீர் சுமந்த ஒருவருக்கு, அவர் தொடாத துப்பாக்கியைக் கொடுத்து நாம் சேர்க்கும் பெருமை அவருக்கு வேண்டியதில்லை. அது நமக்குத்தான் வேண்டியிருக்கிறது. அவர் செய்ததை அவர் செய்ததாகவே எழுதுவதுதான் அவருக்குரிய மரியாதை.

நாம் இந்த வரியை எங்கிருந்து கற்றுக்கொண்டோம் என்பதையும் யோசிக்க வேண்டும். முதல் உலகப்போருக்கு இந்தியாவிலிருந்து 13 லட்சத்துக்கும் அதிகமானோர் போனார்கள். சுமார் 74,000 பேர் இறந்தார்கள். போருக்குப் பிறகு பல ஊர்களில் அரசு கல் பதித்தது: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எண் உண்டு, பெயர் கிடையாது. 1929இல் திறக்கப்பட்ட பஸ்ரா நினைவிடத்தில் 40,000க்கு மேற்பட்டவர்கள் நினைவுகூரப்பட்டார்கள்; பிரிட்டிஷாரின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் கல்லில் ஏறின, இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ‘மற்றும் இத்தனை பேர்’ என்று எண்ணிக்கையானார்கள். 2021இல் போர்க் கல்லறை ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டு, ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர்வரை, பெயர் சொல்லி நினைவுகூரப்படாமலோ அறவே நினைவுகூரப்படாமலோ போனதை ஒப்புக்கொண்டது. அவர்கள் எண்ணை எழுதிப் பெயரை விட்டார்கள். நாம் பெயரை எழுதி மற்றதையெல்லாம் விடுகிறோம். தன் குடும்பத்துக்குள்ளேயே, தன் கணினியிலேயே, யாருடைய உத்தரவும் இல்லாமல் ஒருவர் இதைச் செய்யும்போது, கல் வெட்டியவர்களைக் குறைசொல்லும் தகுதி கொஞ்சம் குறைந்துவிடுகிறது.

எனவே அந்த ‘தொழில்’ கட்டத்தில் உள்ள “ராணுவம், 1914–1918” என்பதை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில் முதல் நிகழ்வைத் திறந்து, ‘படையில் சேர்ந்தது’ என்று வகைப்பெயர் கொடுங்கள். தேதி தெரியாவிட்டால் ‘1918 நவம்பருக்கு முன்’. இடம் தெரியாவிட்டால் காலி. சான்று: அத்தை சொன்னது, அவர் பெயர், கேட்ட நாள். தரம் 1. பிறகு பெட்டியிலிருந்து மெடலை எடுத்து, அதன் விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே திருப்புங்கள்.